பொன்னாயி வாயசைத்த பதினோரு நிமிடம்

கதிரேசன் மறுபடி மலையேறி வருகிறான் என்று கேட்டதும் பூங்குழலிக்கு வயிறு பற்றி எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஐந்து வருஷத்துக்கு முன்னால், மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து அவள் அப்பா செத்த அன்று, யாரும் கூப்பிடாமலே கேமராவோடு இழவு வீட்டுக்குள் நுழைந்தவன் அவன். "வெளிய போடா" என்று அம்மா பொன்னாயி கத்தியும் நகரவில்லை. அந்த முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போய், குரலை உருவி எறிந்துவிட்டு, மெதுவாக ஓடவிட்டுப் பதினோரு நிமிடப் படமாக்கிவிட்டான். பரிசோதனைப் படமாம். விருது வேறு. 'மலையின் மௌன ஒப்பாரி' என்று பேப்பரில் எழுதினார்கள். மௌனமாம், மண்ணாங்கட்டி!

இந்த மாதிரிப் படங்களை நாலு படித்தவர்கள் மட்டும் பார்த்தால் போதாது, எல்லாரும் பார்க்க வேண்டும் என்று ஸ்டெல்லா என்பவளின் திரைப்படக் குழு ஊர் ஊராகத் திரையிட்டுக்கொண்டிருந்தது. அடுத்தது பூங்குழலியின் ஊரான சோளக்காடு, கதிரேசனும் கூடவே வருகிறான். கண் தெரியாதவர்களுக்காகத் திரையில் நடப்பதை ஒருவர் மைக்கில் சொல்ல வேண்டும். அந்தக் குரலைப் பதிவு செய்து படத்தோடு சேர்த்துவிடுவார்கள். இனிமேல் படம் போகிற இடமெல்லாம் குரலும் போகும். உள்ளூர்க் குரல் தேடிய ஸ்டெல்லாவுக்கு, கோயில் நோம்பித் திருவிழாவில் மைக் பிடிக்கிற பூங்குழலியைத்தான் எல்லாரும் கைகாட்டினார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. யார் மகள் என்று அவள் மூச்சுவிடவில்லை. கதிரேசனுக்கும் அடையாளம் தெரியவில்லை. அழுத முகத்தைப் பார்த்தவன், பின்னால் நின்றவளையா பார்த்திருப்பான்?

அவன் ஒரு தாளை நீட்டினான். "ஒரு தாய் அழுகிறாள், மலையும் அவளோடு அழுகிறது. இதை மட்டும் வாசிச்சா போதும்."

வீட்டில் பொன்னாயி படம் பார்க்க வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். "நான் எதுக்கு? உங்கப்பனை மறுக்கா பொதைக்கவா?"

"இல்லம்மா. அன்னைக்கு நீ சொன்னதை ஊரு முன்னால சொல்லப்போறேன். அவன் மூஞ்சி செத்துப்போறத நீ பாக்கோணும்."

சந்தை நாள். சமுதாயக்கூடத்தின் ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். முன்வரிசையில் காளியண்ணன் உட்கார்ந்திருந்தார். கண் தெரியாதவர், விரலால் தேய்த்தே மிளகின் தரம் சொல்லிவிடுவார். படம் ஓடியது. "ஒரு தாய் அழுகிறாள்" என்று பூங்குழலி வாசித்தாள். கதிரேசன் தலையாட்டினான்.

"என்ன சொல்லி அழுகறா கண்ணு?" என்றார் காளியண்ணன்.

பூங்குழலி தாளைக் கசக்கினாள். "அழுகலீங்க. திட்டறாங்க. 'வெளிய போடா'ங்கறாங்க. 'பொணம் இன்னும் சூடு ஆறல, அதுக்குள்ள படம் புடிக்கறயா'ங்கறாங்க. இப்ப ஓரத்துல ஒரு கை தெரியுது. கேமராவத் தட்டி உடறதுக்குத் தூக்கறாங்க."

கூடம் சலசலத்தது. "மைக்கை நிறுத்துங்க!" கதிரேசன் துள்ளி எழுந்தான். "என் படத்தோட அர்த்தமே போச்சு!"

"திரையில நடக்கறதைத்தானே சொல்றாங்க?" என்றாள் ஸ்டெல்லா. பதிவை அவள் நிறுத்தவில்லை.

"இதெல்லாம் உண்மைன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமுங்க."

பின்வரிசையிலிருந்து பொன்னாயி எழுந்து வந்தாள். திரையில் அவள் முகம், அதன் கீழே அவள். கதிரேசன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். ஓர் அடி பின்வாங்கினான். பூங்குழலிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நல்லா வேணும், நல்லா வேணும்!

பொன்னாயி மைக்கை வாங்கினாள். "மத்ததெல்லாம் சரிதான். கை மட்டும் தப்பு. எம் பாப்பா பின்னால நின்னா, அவளுக்குத் தெரியாது. தட்டி உடறதுக்குத் தூக்கலீங்க. கும்புட்டேன்." கதிரேசன் பக்கம் திரும்பினாள். "எம்புருசனைக் குளிப்பாட்டோணும், அந்தப் பக்கம் திரும்பியாவது நில்லு சாமின்னு மெல்லமாச் சொல்லி உன்னையக் கும்புட்டேன். இந்த மலையில எந்த மனுசனையும் அப்படிக் கும்புட்டதில்ல. நீ திரும்பல."

பூங்குழலிக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து வருஷமாக இதை அம்மா அவளிடம்கூடச் சொல்லவில்லை.

கதிரேசன் தலையைக் குனிந்துகொண்டு வாசலைப் பார்த்து நகர்ந்தான். வாசல் நிறையச் சந்தைக் கூட்டம். ஒருவரும் வழிவிடவில்லை.

"இப்பவும் திரும்பாத சாமி. உக்காந்து பாரு," என்றாள் பொன்னாயி. பிறகு ஸ்டெல்லாவிடம், "மொதல்ல இருந்து ஓட்டு கண்ணு. ஒவ்வொரு சொல்லா நானே சொல்றேன்."

படம் மறுபடி தொடங்கியது. பூங்குழலி மைக்குக்குக் கை நீட்டினாள். பொன்னாயி கொடுக்கவில்லை.