கோஹ்பர் சுவரின் நடுவிடம்

“நடுவுல காகி வரையட்டும்மா. நீ மூலைங்களைப் பாத்துக்கோ.”

மஞ்சள் பூசிய முகத்தோடு மணப்பெண் ரூபம் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். பெற்றவள் விந்தேஸ்வரிக்கு நெஞ்சில் மிளகாயை அரைத்து அப்பினாற்போல இருந்தது. அந்தத் தெருவில் யார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமானாலும், மணமக்கள் தங்கும் கோஹ்பர் அறைச் சுவரின் நடுவே தாமரைக் குளமும், அதைத் துளைத்துக்கொண்டு மேலே போகும் மூங்கிலும் அவள் கையால்தான் எழுந்திருக்கின்றன. சொந்தப் பெண்ணின் சுவரில் அவளுக்கு மூலை!

காகி என்றால் சித்தி; விந்தேஸ்வரியின் ஓரகத்தி மஞ்ஜுலா. அவள் காகிதத்தில் வரைந்த மீன்களை டெல்லிக்காரர்கள் வாங்கிப்போனதிலிருந்து மதுபனி ஊர் முழுக்க அவள் பேச்சுத்தான்.

மூலையில் கண்ணேறு தடுக்கும் ஜோகினி உட்காரவேண்டும். முக்காட்டுக்குள் ஒற்றைக் கண் மட்டும் தெரியும். விந்தேஸ்வரி அவளை வரைந்தாள். பார்வை மட்டும் நடுச்சுவரிலேயே இருந்தது. மூங்கில் குச்சியில் சுற்றிய பஞ்சைச் சிவப்பில் தோய்த்து மஞ்ஜுலா இழுத்த கோடு, எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் இலையைச் சுற்றி வந்து சேர்ந்தது.

“தீதி, உங்க ஜோகினி என்னையே முறைக்கிறாளே!” என்று அக்காமுறை வைத்துக் கேட்டாள் மஞ்ஜுலா.

“அவ வேலையே அதுதான். கெட்ட கண்ணு எங்க உக்காந்திருக்குன்னு பாக்குறா.”

பாடிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். மஞ்ஜுலாவும் சிரித்துவிட்டு அடுத்த இலையைத் தொடங்கினாள். அதுதான் விந்தேஸ்வரிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே நாத்தனார் தாராவதி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் தாரா, குளமும் மூங்கிலும் எதுக்குப் போடறோம்?”

“புள்ளகுட்டியோட வம்சம் தழைக்கத்தான். உனக்குத் தெரியாததா?”

“இல்ல… பெறாத கை போடுதேன்னு பாத்தேன். நான் சொன்னேன்னு சொல்லிடாதே.”

தாராவதிக்கு அது போதும். எண்ணெய்க் கையோடு போய் வாசற்படியில் நின்றாள். “மஞ்ஜுலாவை யாருடி நடுவுல உக்காத்தி வெச்சது? இத்தனை வருஷத்துல ஒண்ணு பெத்தாளா? நாளைக்கு நம்ம பொண்ணு வயிறும் இப்படியே நின்னா?”

பாட்டு நின்றது. மஞ்ஜுலா குச்சியைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

விந்தேஸ்வரி நடுவில் உட்கார்ந்து ஒரு இலை போட்டாள். மஞ்ஜுலாவின் இலைகளுக்குப் பக்கத்தில் அது மாடு மிதித்ததுபோலக் கிடந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

விஷயம் தெரிந்து ரூபம் ஓடிவந்தாள். “காகி முடிக்கலேன்னா இந்த அறையில நான் கால் வைக்க மாட்டேன். மாப்பிள்ளை வீட்டாரைத் திரும்பிப் போகச் சொல்லுங்க.”

“அப்ப குறை?” என்றாள் தாராவதி.

பாட்டுக்காரிகளில் மூத்தவள் சொன்னாள்: “பெத்தவ தன் கையால அவளுக்குச் சிந்தூரம் வெச்சு, ‘என் பொண்ணுக்கு நீயும் தாய்தான், வந்து எழுது’ன்னு கூப்பிட்டா எந்தக் குறையும் இல்ல.”

எல்லாக் கண்களும் விந்தேஸ்வரி மேல் திரும்பின.

மஞ்ஜுலா அடிகுழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள். விந்தேஸ்வரி அவள் நெற்றியில் சிந்தூரத்தை இழுத்தாள். “என் பொண்ணுக்கு நீயும்…”

“முழுசா சொல்லுங்க தீதி.”

“…நீயும் தாய்தான். வந்து எழுது.”

“தாரா தீதி வாயில கேட்டது உங்க குரல்தான். ரூபம் உங்களை அம்மான்னு கூப்பிடறப்பல்லாம் எனக்கும்தான் எரியும். நான் யார் காதுலயாவது போய் ஓதினேனா?”

விந்தேஸ்வரி சிந்தூர விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் மஞ்ஜுலா சிவப்புக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினாள். “பிடிங்க. சாயாம.”

மூங்கில் குளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறியது. ஒரே ஒரு தடவை அந்தக் கை நடுங்கட்டும் என்று விந்தேஸ்வரி எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டாள். நடுங்கவில்லை. கடைசியில் அந்தக் கை விந்தேஸ்வரியின் கோணல் இலைக்கு வந்து, நாலு காலும் ஒரு தலையும் வைத்தது. இலை ஆமையாகிக் குளத்தில் நீந்தியது.

“ஐயோ காகி, எவ்வளவு அழகு!” என்று ரூபம் கைதட்டினாள்.

விந்தேஸ்வரி கிண்ணத்தைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.