க்ளீட்டஸ் விழுகிற துண்டு

எங்கள் கம்பெனியில் ஆறே நாளில் ஒரு கௌபாய் படத்தை எடுத்துத் தள்ளிவிடுவார்கள். கலிபோர்னியா வெயிலில் நான் காலையில் கொள்ளைக்காரனாகச் சாவேன்; மத்தியானம் தொப்பியை மாற்றிக்கொண்டு, ஷெரீப்போடு சேர்ந்து என் கூட்டத்தையே துரத்துவேன். இந்த லட்சணத்தில் இருபது வருஷம் ஓடிவிட்டது.

குதிரையிலிருந்து விழுகிற காட்சியை மட்டும் புதிதாக எடுக்க மாட்டார்கள். அதற்குப் பழைய பிலிம் துண்டு ஒன்று இருந்தது, என் சிநேகிதன் க்ளீட்டஸ் விழுந்தது. விழுந்தவன் எழுந்திருக்கவே இல்லை. கழுத்து முறிந்து அங்கேயே போய்விட்டான். பாவிகள் அந்தத் துண்டைத் தூக்கி எறியவில்லை, படத்துக்குப் படம் ஒட்டினார்கள். அவன் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டை மாதிரியே ஒன்றை எனக்கு மாட்டி, கிட்டத்தில் என் முகத்தை எடுத்துச் சேர்த்துவிட்டால் விழுந்தது நான்தான் என்று ஆகிவிடும்.

அந்தச் சட்டையைத் தைக்கிறவள் அவன் மனைவி லவீனா. கம்பெனி பெரிய மனசு பண்ணிக் கொடுத்த வேலை.

ஒரு தடவை பொத்தான் வைத்துக்கொண்டே தன் மகளைப் பற்றிச் சொன்னாள். எட்டு வயசு. சனிக்கிழமைப் படத்துக்குப் போகணும் என்று அழுகிறாளாம். மூன்று வருஷமாகச் சாக்குச் சொல்லி நிறுத்திவைத்திருக்கிறாள்.

"எந்தப் படத்துல அவர் விழுவார்னு நான் எப்படிக் கண்டேன், ஆரின்? குதிரைல உக்காந்திருக்கிற தினுசப் பாத்தே அப்பான்னு சொல்லிருவா."

பழைய படங்கள் ஊர் ஊராகச் சுற்றுவதை யாராலும் நிறுத்த முடியாது. இனி வருவதற்காவது அவள் பிள்ளையைக் கூட்டிப் போகட்டும். நேரே டைரக்டர் பார்ட்டலிடம் போய், நானே விழுகிறேன், புதிதாக எடுத்துக்கொண்டு பழைய துண்டைக் கொடுத்துவிடு என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நாப்பத்தெட்டு வயசு உனக்கு. உன்ன அள்ளத்தான் ஆள் வைக்கணும்."

"அள்ளிக்கோ. ஆனா கேமராவ ஓட விடு."

வீரமாகச் சொல்லிவிட்டேனே தவிர, குதிரையில் ஏறியதும் பயத்தில் சேணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சரிவில் விரட்டினேன், துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் விழுந்தேன். தோள் எலும்பு போயிற்று. ஓடிவந்த பார்ட்டல் முதலில் குதிரையைத்தான் பார்த்தான். ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், இல்லையென்று சொல்லக்கூடாது.

கட்டுப் போட்ட கையோடு போய்த் துண்டை லவீனாவிடம் கொடுத்து, எரித்துவிடச் சொன்னேன். அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு குட்டிப் படமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதுவரைக்கும் சேணத்துலதான் இருக்கார்."

கத்தரிக்கோலை எடுத்து அந்த இடத்தில் வெட்டினாள். மிச்சத்தை எரிக்கச் சொல்லி என்னிடம் தந்தாள். அவள் வைத்துக்கொண்டது ஒரு முழம்கூட இல்லை.

"இத எம் மக பாக்கலாம்," என்றாள்.