தோண்டாம விட்ட கிழங்கு

வெதை மாத்திக்கற பைத்தியம் எனக்கு லாக்டவுன்ல புடிச்சது, இன்னும் விடல. ஜப்பான்ல ஒருத்தர்கிட்ட கத்திரி வாங்கிட்டு கீழ்பென்னாத்தூர் மொளகா அனுப்புனேன். போலந்துல ஒரு அக்கா நம்ம அவரைய வளத்து, அதத்தான் டிபியா வெச்சிருக்காங்க, நெஜமா. வேங்கிக்கால்ல எங்க வீட்டு பின்னாடி இருக்கறது துண்டு எடம். ஆனா அதுல பாதி உலகம் நிக்குது.

பெரு நாட்டு எலோடியா மட்டும் கொஞ்சம் வேற மாதிரி. நம்ம ஊருக்கு கிரிவலம் வந்த அவங்க ஊர்க்காரர் ஒருத்தர் கையில சின்ன பொட்டலம் குடுத்தனுப்புனாங்க. கறுப்பா, மொளகு சைஸ்ல வெதை. வீடியோ கால்ல சொன்னாங்க: "கொடியா வரும், மஞ்ச பூ பூக்கும். எல பழுத்ததும் கீழ இருக்கற கெழங்க தோண்டி எடுத்துடு. விட்டுடாத." அவங்க இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே லெவல், அதனால நல்லாவே புரிஞ்சுது. ஓகே ஓகேன்னேன்.

சொல்லிட்டேனே தவிர, எங்க வீட்ல கெழங்கு தோண்டற வேலையே கெடையாது. நாங்க தமிழ் ஜெயின், நயினாருங்க. வெங்காயம், பூண்டு, உருளக்கெழங்கு எதுவும் உள்ள வராது. மண்ணுக்குள்ள இருக்கறத புடுங்குனா கூடவே எத்தன உசுரு போகும்னு அம்மா சொல்லி சொல்லி, எனக்கு மம்பட்டிய ஆழமா எறக்கவே கை வராது. எல பழுத்துச்சு, கொடி காஞ்சுது. "அது பாட்டுக்கு இருந்துட்டு போவுது, விடுடி"ன்னாங்க அம்மா. விட்டேன்.

அம்மா பேரு தர்மவதி. எங்க கோயில்ல அவங்க கொரல தெரியாதவங்க கெடையாது. பூஜையில அம்மா வாய தொறந்தா மைக் செட் ஆளு சவுண்ட கம்மி பண்ணுவாரு, அப்படி ஒரு கொரல். வேற எதுக்கும் பெரும அடிச்சுக்க மாட்டாங்க, இதுக்கு மட்டும் லேசா சிரிப்பாங்க. தெனம் துணி எடுக்கறப்ப அந்த காஞ்ச கொடி பக்கத்துல நின்னு பாடிட்டே மடிப்பாங்க.

மழைக்கப்பறம் அது திரும்ப மொளச்சுது. ஒரு எடத்துல இல்ல. தொவைக்கிற கல்லு ஓரம், தண்ணித்தொட்டி ஓரம், கொடிக்கம்பி கீழ. அம்மா எங்கெல்லாம் நிப்பாங்களோ அங்கெல்லாம். எனக்கு ஒரே குஷி, போட்டோ எடுத்து சொந்தக்காரங்க குரூப்ல போட்டேன். அதே வாரம் அம்மாவுக்கு தொண்ட கட்டுச்சு.

அதிமதுரம் போட்டோம், ஊசி போட்டோம். டாக்டர் லைட் அடிச்சு பாத்துட்டு, "ஒண்ணுமே இல்லீங்களே"ன்னாரு. ஆனா கொரல் தேஞ்சுட்டே போச்சு.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு பச்சையம்மாள் அக்கா செவுத்து மேல தலைய நீட்டுனாங்க. "இன்னாடி சுருதி, உங்கம்மாவுக்கு கொரலே இல்லன்ன? காலையிலருந்து பாடிட்டே கீறாங்க?"

"அக்கா, அம்மா மாத்தர போட்டுட்டு உள்ள தூங்கறாங்க."

"அப்ப யாரு பாடறது, உன் பாரின் செடியா?"

சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அக்கா தல உள்ள போனதும் கொடி பக்கத்துல குந்தி, மண்ணுல காத வெச்சேன். மண்ணு சூடா இருந்துச்சு, ஒடம்பு சூடு மாதிரி. கீழ அம்மா பாடிட்டு இருந்தாங்க. நடுவுல அம்மா செருமுற அந்த செருமல் கூட இருந்துச்சு.

ஓடிப்போய் போன எடுத்துட்டு வந்து எலோடியாவுக்கு வீடியோ கால் போட்டு, அம்மா கொரல் போனத சொன்னேன். எனக்கு பின்னாடி தெரிஞ்ச கொடிய பாத்ததும் அவங்க மூஞ்சி மாறிடுச்சு.

"தோண்டலையா நீ?"

"எங்க வீட்ல தோண்ட மாட்டோம்."

"நாங்க ருசிக்காகவா தோண்டறோம்? அது கத்துக்கும், சுருதி. பேச கத்துக்கறதுக்குள்ள எடுத்துடுவோம்."

"இப்ப எடுத்தா அம்மா கொரல் வருமா?"

"சீக்கிரம் எடுத்தா வரும். முழுசா கத்துக்கிச்சுன்னா வராது."

அம்மாகிட்ட கெஞ்சுனேன். அவங்களுக்கு அப்ப வெறும் காத்து தான் வருது. கிட்ட இழுத்து காதுல சொன்னாங்க: "ஓரறிவு உசுருன்னப்பவே நாம தோண்டல. இப்ப அது கேக்குது, பாடுது. இப்ப போய் எப்படிடி கொல்றது?"

"அது உன் கொரலும்மா!"

"இருக்கட்டும்"னாங்க. சொல்லிட்டு அந்தப்பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

ஞாயித்துக்கெழம பூஜையில பழக்கத்துல அம்மாவ தான் கூப்ட்டாங்க. அம்மா நின்னாங்க, கைய கூப்புனாங்க, வாய் அசைஞ்சுது. மைக் செட் ஆளு ஒயர புடுங்கி புடுங்கி சொருகி பாக்கறாரு, மைக்க தட்டறாரு, பாவம். அம்மா தலைய குனிஞ்சு வந்து ஒக்காந்துட்டாங்க. எனக்கு தாங்கல.

மறுநா உச்சி வெயில்லயே பச்சையம்மாள் அக்காகிட்ட கடப்பார வாங்கிட்டு வந்தேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும். கொடி தூருல நேரா குறி வெச்சு தூக்குனேன்.

"சுருதி, கையில என்னடி அது?"

கீழருந்து. அம்மா திட்டற அதே தோரண. கை அப்படியே மேல நின்னுடுச்சு. எறக்குடி எறக்குடின்னு எனக்கு நானே சொல்றேன், எறங்கல. திரும்புனா பின்வாசல்ல அம்மா. கண்ணெல்லாம் தண்ணி. கைய ஆட்டுறாங்க, தோண்டுங்கறாங்களா வேணாங்கறாங்களா, புரியல. வாய் அசையுது.

"வேணாண்டி. வலிக்கும்."

சத்தம் மண்ணுலருந்து. ஒதடு அம்மாவோடது. ரெண்டும் அப்படியே ஒட்டுச்சு. அம்மா சொல்லி அது பேசுச்சா, அது சொல்லி அம்மா வாய் அசைஞ்சுதா, இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது.

கடப்பாரைய போட்டுட்டு ஓடிப்போய் அம்மாவ கட்டிக்கிட்டேன். அவங்க வாய் என் தோள் மேல அழுந்தி மூடியிருந்துச்சு. கீழ மட்டும் சத்தம் நிக்கல. பாட ஆரம்பிச்சுது. அம்மா கொரல் தான், ஆனா நல்லா தெறந்த கொரல், அம்மா சின்ன வயசுல இப்படி தான் பாடியிருப்பாங்க போல. பாட்டு நம்ம பாட்டு இல்ல, வார்த்தையும் நம்ம வார்த்த இல்ல.

"இது என்னம்மா பாட்டு?"னு கேட்டேன்.

அம்மா ரொம்ப நேரம் கேட்டுட்டு நின்னாங்க. அப்பறம் தெரியாதுன்னு தலைய ஆட்டுனாங்க.