மாம்போங் துக்கத்துக்கு வந்த முதலாளி

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். சொன்னால் புரியாது, சொல்லாவிட்டால் எதையோ மறைக்கிறேன் என்பார்கள். டென்மார்க்கிலோ கனடாவிலோ இருக்கும் ஒரு கம்பெனிக்கு கானாவில் ஓர் ஆள் தேவைப்படுகிறது என்று வையுங்கள். இங்கே ஆபீஸ் திறக்க அவர்களுக்கு மனமில்லை. திறந்தால் வரி, வழக்கு, தலைவலி. ஆகவே எங்களிடம் வருவார்கள். அந்த ஆளை நாங்கள் வேலைக்கு எடுத்ததாக ஒப்பந்தம் போடுவோம். சம்பளம் போடுவது, வரி பிடிப்பது, ஓய்வூதிய நிதிக்குக் கட்டுவது, லீவுக் கணக்குப் பார்ப்பது எல்லாம் நாங்கள். வேலை வாங்குவது மட்டும் அவர்கள். சட்டத்தின் கண்ணுக்கு முதலாளி நாங்கள்தான்.

அக்ராவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் ஆபீஸ். ஊழியர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள், அவரவர் வீட்டில். ஒருவரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஹர்மட்டான் காற்று வீசும் மாதங்களில் வடக்கிலிருந்து பாலைவனத் தூசி வந்து நகரத்தை மூடிக்கொள்ளும். எதிர்வீட்டுக் கூரைகூட இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அப்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து சம்பளம் போட்டுக்கொண்டே யோசிப்பேன். இந்தப் பெயர்களுக்கெல்லாம் உண்மையிலேயே கை கால் உண்டா? டமாலேயில் ஒருவன், கேப் கோஸ்டில் ஒருத்தி, கதவைச் சாத்திக்கொண்டு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எங்கோ பனி பெய்யும் ஊரோடு பேசிக்கொண்டிருக்கிறார்களா? அல்லது நான்தான் அவர்களைக் கனவு காண்கிறேனா? கணக்கு மட்டும் தப்பாது. அதனால் நம்பினேன்.

அப்படி ஒரு தூசி நாளில்தான் ஃபோசுவா கூப்பிட்டாள்.

"மேடம், மாம்போங்லேருந்து ஃபோசுவா பேசறேன். உங்க ஊழியர்."

"எங்க ஊழியர்தான். சொல்லும்மா, சம்பளம் வரலையா?" எங்களை வேறு எதற்கும் யாரும் கூப்பிட்டதில்லை.

"அது வந்துடுச்சு. எங்க மாமா போயிட்டாரு."

தாய்மாமன். எங்கள் அகான் ஜனங்களில் பிள்ளைகள் அம்மா குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அப்பா இருப்பார், அன்பாகவும் இருப்பார், ஆனால் நம்மைப் பற்றி ஊர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் மாமா. இதெல்லாம் அவளை வேலை வாங்கும் டென்மார்க் கம்பெனிக்கு எங்கே தெரியும்? அவர்கள் விதிப்புத்தகத்தில் துக்க லீவு என்றால் அப்பா, அம்மா, கணவன், பிள்ளை, அதோடு சரி. அங்கே இருக்கும் மெரெட்டே என்ற அதிகாரிக்கு எழுதி லீவு வாங்கித் தருகிறேன் என்றேன். மெரெட்டே நல்லவள், கொடுத்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

"லீவுக்காகக் கூப்பிடல மேடம். சனிக்கிழம துக்கம். நீங்க வரணும்."

"நானா?"

"வேலை பாக்கற இடத்துலேருந்து ஆள் வரணும்ல? எங்க பெரியம்மா பொண்ணு டீச்சர், அவளுக்கு ஸ்கூலே வருது. தம்பி பேங்க்ல இருக்கான், பேங்க்காரங்க ஒரே துணியில சட்ட தைச்சிட்டு வராங்க. எனக்கு யாரு வரா? ஊர்ல என்னப் பத்தி என்ன பேசறாங்க தெரியுமா? கம்ப்யூட்டர்ல வெள்ளக்காரங்கள ஏமாத்திக் காசு பறிக்கிறாளாம். மாமா இருந்தவரைக்கும் ஒருத்தன் வாயத் தொறக்கல. 'எங்க வீட்டுப் பொண்ணு வேலைக்குப் போறா'ன்னு அவர் சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல. இப்ப குடும்பத்துப் பெரியவங்க கூடிப் பேசிட்டாங்க. வேலை இடத்துலேருந்து ஆள் வந்தா முன்வரிசையில உக்காரு, வரலன்னா பந்தலுக்கு வெளிய நில்லுன்னுட்டாங்க."

"டென்மார்க்லேருந்து எப்படிம்மா வருவாங்க?"

"அவங்கள யாரு கேட்டா? என் ஒப்பந்தத்துல முதலாளின்னு யாரு பேரு இருக்கு? உங்க பேரு. முதலாளின்னா துக்கத்துக்கு வர மாட்டாங்களா மேடம்?"

எதற்கும் என்னிடம் ஒரு விதி இருக்கும். இதற்கு இல்லை. பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்தேன். விஷயத்தைப் பாஸிடம் கொண்டுபோனேன்.

எங்கள் பாஸ் அசாமனி எடுத்த எடுப்பிலேயே மறுத்தார். "பிராகோ, உனக்கென்ன பைத்தியமா? ஒரு துக்கத்துக்குப் போனா எல்லாத்துக்கும் போகணும். நம்ம ஆளுங்களுக்கு எத்தன மாமா, எத்தன சித்தி இருப்பாங்க? வருஷம் பூரா கறுப்புத் துணியோடதான் அலையணும். நாம காகிதத்துல மட்டும்தான் முதலாளி."

"நாம பிடிக்கிற வரி மட்டும் நிஜமா, பாஸ்?"

"உன் வாய் இருக்கே! சரி, போ. உன் சனிக்கிழம, உன் பஸ் காசு."

போகலாம். ஆனால் நான் ஒருத்தி போய் நின்றால் என்ன ஆகும்? வேலை இடத்து ஆட்கள் என்றால் ஒரு கூட்டம் வரவேண்டும், வரிசையாகக் கை கொடுக்க வேண்டும். தனியாக ஒரு பொம்பளை வந்தால், ஏமாற்றுக்காரி கூலிக்கு ஆள் பிடித்து நடிக்க வைத்திருக்கிறாள் என்பார்கள். நன்மை செய்யப் போய் அவள் மானத்தை நானே வாங்கியதாக ஆகிவிடும்.

மாதக் கடைசி. எல்லாருக்கும் சம்பளச் சீட்டு போகும் நேரம். சீட்டின் அடியில் அலுவலக அறிவிப்புக்கென்று ஓர் இடம் உண்டு, எப்போதும் காலியாகவே போகும். ஃபோசுவாவிடம் கேட்டேன், பெயரைப் போடலாமா என்று. ஓர் ஊழியரின் விஷயத்தை மற்றவர்களுக்குச் சொல்ல அனுமதி வேண்டும், அது சட்டம். "போடுங்க மேடம், எனக்கு மறைக்க என்ன இருக்கு?" என்றாள். எழுதினேன்: நம் சக ஊழியர் ஃபோசுவாவின் தாய்மாமன் காலமானார், சனிக்கிழமை மாம்போங்கில் துக்கம், கறுப்பும் சிவப்பும் அணிந்து வாருங்கள். 'சக ஊழியர்' என்று அடித்தபோது எனக்கே வேடிக்கையாக இருந்தது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒருவர் கம்பெனி மற்றவருக்குத் தெரியாது. ஒரே முதலாளி என்பது மட்டும்தான் அவர்களுக்குள் இருக்கும் உறவு, அந்த முதலாளியோ ஒரு மருந்துக்கடை மாடி.

ஒன்றை மறந்துவிட்டேன். ஒவ்வொரு சீட்டின் நகலும் அந்தந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கும் போகும்.

மறுநாள் காலையில் ஆபீசுக்குள் நுழையும்போதே அசாமனியின் முகம் சரியில்லை. கனடாவிலிருந்து கேட்டிருந்தார்கள், கறுப்பு சிவப்பு உடை கட்டாயமா, துணிக்குக் காசு யார் தருவது என்று. நெதர்லாந்துக்காரர்களுக்கு சனிக்கிழமை வந்தால் ஓவர்டைம் உண்டா என்று சந்தேகம். இன்னொருவர் மாம்போங் என்பது பண்டிகை என்று நினைத்து, விடுமுறைப் பட்டியலில் சேர்த்துவிட்டதாக நன்றி சொல்லியிருந்தார். மெரெட்டே மட்டும் கடைசியில் அழகாக எழுதியிருந்தாள்: லீவு கொடுத்தாயிற்று, பந்தலில் எங்கள் கம்பெனி பெயர் போட்டு ஒரு பேனர் வைக்கலாமா?

"பேனரா?" அசாமனி மேஜையில் தட்டினார். "அவங்க பேரப் பந்தல்ல தொங்கவிட்டா வரிக்காரன் வந்து 'ஓ, உங்களுக்கு இங்க கடை இருக்கா'ன்னு கேப்பான். அது கூடாதுன்னுதான நமக்குப் பணம் குடுக்கறான்! அப்புறம் நீ ஆளுங்களக் கூப்பிட்டிருக்கியே. முதலாளி எழுதிக் கூப்பிட்டா அது உத்தரவு. உத்தரவுன்னா வேலை நேரம். ஓவர்டைம் குடு, பஸ் சார்ஜ் குடு, வழியில எவனாவது காலை ஒடிச்சுக்கிட்டா நஷ்டஈடு குடு. யார் தாத்தா சொத்துலேருந்து?"

சட்டப்படி அவர் சொன்னது சரிதான், அதுதான் எனக்கு எரிந்தது. அவர் பக்கத்தில் நின்றபடி சொல்லச் சொல்ல ஒரு திருத்தம் அனுப்பினேன். இது வேலை அல்ல. விருப்பமுள்ளவர்கள் தங்கள் செலவில் போகலாம். யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை.

இப்படி ஒரு அழைப்பைப் படித்துவிட்டு எவன் துக்கத்துக்குக் கிளம்புவான்?

வெள்ளிக்கிழமை குமாசி போய் ஒரு தோழி வீட்டில் தங்கி, காலையில் மாம்போங் போகும் வேன் ஏறினேன். மலைப்பாதையில் எதிரே வரும் வண்டியின் விளக்கு மட்டும் தெரிந்தது, வண்டி தெரியவில்லை. தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லாத பயணம். ஊருக்குள் நுழைந்ததும் பாட்டுச் சத்தம் முதலில் வந்தது, பிறகு பந்தல்கள், பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகளில் கறுப்பும் சிவப்புமாக ஜனங்கள், எல்லாம் ஒவ்வொன்றாகத் தூசியிலிருந்து வெளியே வந்தன.

பந்தலுக்கு வெளியே சுவரோரமாக ஒல்லியாக ஒருத்தி நின்றிருந்தாள், ஃபோசுவாவாகத்தான் இருக்க வேண்டும். முன்வரிசையில் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் செத்தவரின் தங்கை, ஃபோசுவாவின் அம்மா என்று பிறகு தெரிந்தது. மகள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"மேடமா?" என்றாள் சுவரோரம் நின்றவள்.

"ஆமாம்மா."

அவள் என் தோளைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"நான் ஒருத்திதான்மா வந்திருக்கேன்."

"பரவால்ல மேடம். இவ்ளோ தூரம் வந்தீங்களே."

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நானும் அவளோடு சுவரோரம் நின்றேன். உள்ளே போக எனக்குத் தைரியம் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கறுப்புச் சட்டை போட்ட ஒருவன் போனைப் பார்ப்பதும் பந்தலைப் பார்ப்பதுமாக வந்தான். "அக்கா, ஃபோசுவாங்கறவங்க வீட்டுத் துக்கம் இதானா? சம்பளச் சீட்டுல போட்டிருந்துச்சு."

"உன் பேரென்ன?"

"நிண்டோ. டமாலேலேருந்து வரேன்."

நிண்டோ! பிறந்த தேதி தெரியும், அப்பா பெயர் தெரியும், எந்த பேங்கில் கணக்கு என்று தெரியும். முகம் இதுதானா? முன்பல்லில் இடைவெளி இருக்கும் என்று எந்தப் படிவத்திலும் இல்லையே. அவனோடு பேசிக்கொண்டிருக்கும்போதே முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். கேப் கோஸ்ட் அராபா. அந்தக் குழந்தைக்கான பேறுகால லீவை நான்தான் கணக்குப் போட்டேன். குழந்தை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. பிறகு இன்னொருவர், இன்னும் இருவர், ஒருவரையொருவர் தெரியாமல், தயங்கித் தயங்கி. மாதாமாதம் நான் அடித்த பெயர்களெல்லாம் செருப்பு போட்டுக்கொண்டு, வியர்த்துக்கொண்டு, தூசிக்குள்ளிருந்து நடந்து வந்தன. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லச் சொல்ல அவர்கள் ஊரை நானே சொன்னேன். ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

"இவங்கள்லாம் யாரு மேடம்?" ஃபோசுவா என் கையைப் பிடித்தாள்.

"உன் ஆபீஸ்மா," என்றேன்.

உள்ளே போனோம். வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து எல்லார் கையையும் குலுக்கிக்கொண்டே போய் உட்கார்ந்தோம். தண்ணீர் கொடுத்தார்கள். குடும்பத்தின் சார்பில் பேசும் பெரியவர் எழுந்து, முறைப்படி, வந்த காரியம் என்ன என்று கேட்டார். கூட்டம் முழுக்க எங்களைப் பார்த்தது. முதலாளி நான். நான்தான் பேசவேண்டும்.

"நாங்க ஃபோசுவாவோட வேலை இடத்துலேருந்து வரோம், ஐயா. அவளுக்கு வேலை குடுக்கறது டென்மார்க் கம்பெனி. ஆனா சட்டப்படி முதலாளி நாங்க. அதாவது, அவங்க வேலை வாங்குவாங்க, நாங்க..."

"இருங்க, இருங்க. ஒரு பொண்ணுக்கு ரெண்டு புருஷன் மாதிரி இருக்கே இது!" என்றார் பெரியவர்.

பந்தலே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது.

"சரி, நீங்கள்லாம் அவ கூட வேலை பாக்கறவங்களா?" பெரியவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "அவ என்ன வேலை பாக்கறா? யாராவது சொல்லுங்க பாப்போம்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஃபோசுவா தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

நிண்டோ எழுந்தான். "எங்களுக்குத் தெரியாதுங்க ஐயா."

"இதுக்கு முன்னால அவளப் பாத்திருக்கியா?"

"இல்லீங்க. இங்க வந்திருக்கறவங்க யாரையுமே பாத்ததில்ல. சம்பளச் சீட்டுல எல்லாருக்கும் ஒரே முதலாளி, அவ்ளோதான்."

"அப்புறம் எதுக்கப்பா டமாலேலேருந்து வந்த?"

"நான் வேலை பாக்கறேன்னு எங்க தெருவுலயும் யாரும் நம்பறதில்ல. எங்கம்மாவுக்கு வயசாயிடுச்சு. நாளைக்கு எங்க வீட்டுலயும் ஒண்ணு நடக்கும். அப்ப எனக்கு யாராவது வரணுமில்லீங்களா?"

அராபா தலையை ஆட்டினாள். பக்கத்தில் இருந்தவரும் ஆட்டினார். வரிசை முழுக்க ஆட்டியது. காசுக்கு வந்தவன் இப்படிப் பேசமாட்டான் என்பது அந்தப் பெரியவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ஃபோசுவாவின் தோளைத் தொட்டு, அவளை அழைத்துப் போய் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, மைக் வைத்திருந்தவனிடம் ஏதோ சொன்னார்.

மைக் கரகரத்தது. "நம்ம ஃபோசுவா வேலை பாக்கற இடத்துலேருந்து எல்லாரும் வந்திருக்காங்க. குடும்பத்தின் சார்பா நன்றி."

ஃபோசுவாவின் அம்மா மகள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இன்னொரு தடவ சொல்லுப்பா," என்றாள். "கடைசி வரிசைக்குக் கேக்கல."