களங்கண்டிச் சீதனம்

மண்டைதீவில் சவிரிமுத்துவுக்குக் காணி இல்லை. ஆழமில்லாத பரவைக்கடலில் கம்பு நட்டு வலை கட்டும் இடம் ஒன்று இருந்தது. களங்கண்டி. செத்துப்போன மனைவிக்குச் சீதனமாக வந்தது. இனி அது மகள் மாக்கிறேற்றுக்கு. சம்பந்தம் பேசி வந்த இரண்டு பகுதியினர் அதைப் பார்த்துவிட்டு, மீன் போதாது என்று போய்விட்டார்கள். இப்போது நெடுந்தீவிலிருந்து மாப்பிள்ளையும் தகப்பன் பஸ்ரியாம்பிள்ளையும் வந்திருந்தார்கள்.

கடலுக்குக் குறுக்கே தாம்போதி ரோட்டுப் போட்ட பிறகு அந்தப் பக்கம் நீரோட்டம் இல்லை. சோளகக் காற்றும் இன்னும் எழும்பவில்லை. சாதாளைக் கடற்புல் அடியில் கிடந்து அழுகியது. கால் வைத்தால் கறுத்த சேறு கூழ்முட்டை நாற்றத்துடன் கிளம்பியது.

போன வருடம் பக்கத்து இடத்தில், சந்தியாப்பிள்ளையின் வலை ஒரு விடியலில் நிறைந்து கிடந்தது. அவர் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார். அதன் பிறகு ஒன்றும் படவில்லை. அழுகலால் அடித்தண்ணீரில் மூச்சுக்காற்று அற்றுப்போக, அங்கே இருந்த மீனும் நண்டும் ஒரேயடியாக ஓடியிருக்கின்றன. வலை வழியில் இருந்தது. ஓட ஏலாத மட்டிகள் வாய் பிளந்து கிடந்தன.

வந்த இருவரும் சவிரிமுத்துவும் விடியக் களங்கண்டியில் இறங்கினார்கள். இடுப்பளவு தண்ணீர். வலை நிறைந்திருந்தது.

"என்ன காணும், நாங்கள் வாறமெண்டு நண்டுக்குச் சொல்லிவிட்டனீரோ?" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

சவிரிமுத்து பார்த்தார். சேற்றைவிட்டு எழும்பாத விலாங்கு. மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை. எல்லாம் மேல்நீரில் வாயைத் திறந்து திறந்து மூடின. நண்டுகள் கம்புகளில் ஏறித் தண்ணீருக்கு வெளியே தொங்கின.

"பாருங்கோ அப்பு, கம்பிலை காய்ச்சுக் கிடக்கு." மாப்பிள்ளை சிரித்தான். "எப்பவும் இப்பிடியோ மாமா?"

"ஓம்" என்றார் சவிரிமுத்து.

குசினியில் மாக்கிறேற் நண்டின் ஓட்டைப் பிரித்தாள். செவுள் கறுத்திருந்தது. அடுத்ததும் அப்படியே. தண்ணீர் எடுக்க வந்த தகப்பனிடம் காட்டினாள்.

"சந்தியாப்பிள்ளை மாமாவுக்குப் பட்டதும் இப்பிடித்தானே அப்பு?"

"மெல்லக் கதை."

"அவையிட்டைச் சொன்னனீங்களோ?"

"இவையும் போனா இனி ஒருத்தரும் வராயினம், பிள்ளை." அவர் வாளியைத் தூக்கினார். "செவுளைப் பிச்செறி. தூளைக் கூடப் போடு."

பஸ்ரியாம்பிள்ளை இரண்டாந்தரமும் கறி கேட்டார். மாப்பிள்ளை விரலைச் சூப்பிக்கொண்டு சொன்னான்:

"அங்கை இருக்கிற வள்ளத்தை வித்துப்போட்டு வாறன் மாமா. இஞ்சை வலையைப் புதிசாக் கட்டுவம். எனக்கினி ஆழக்கடல் வேண்டாம்."

"வித்தா வித்ததுதான்ரா" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "வேறை வள்ளம் வாங்க எங்களிட்டை ஒண்டுமில்லை."

"இதைக் கண்ட பிறகும் என்னப்பு?"

மாக்கிறேற் கறிச்சட்டியுடன் நின்றாள். தகப்பனைப் பார்த்தாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை.

அவள் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்றாள்.

பெரிய நண்டாகப் பார்த்து எடுத்து அவனுடைய தட்டில் வைத்தாள்.