சான் எலாடியோவில் எட்டு மணித்தியாலம்

சான் எலாடியோ துறைமுகத்தில் நீல ஓடு வேய்ந்த தேவாலயம் ஒரு வியாழக்கிழமை காலை சந்தை கூடும்போது இருக்கவில்லை. சந்தை கலையும்போது இருந்தது. உள்ளே மெழுகுதிரி எரிந்தது, ஆட்கள் இருந்து இருந்து வாங்குப் பலகைகள் தேய்ந்திருந்தன, மணிக்கூண்டு முழுக்கப் புறா எச்சம். ஊர்ச்சனம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இனி இதை ஆர் கூட்டித் துடைக்கிறது என்று சண்டை பிடித்தபடி கலைந்து போனது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒரு பக்கம் பாலையும் மறுபக்கம் கடலுமாகக் கிடக்கும் ஊர் அது. மீனைக் காயவைத்து மாவாக்கும் மீன்மாத் தொழிற்சாலையின் நாற்றத்தைத் தவிர அதற்கு வேறு அடையாளம் இல்லை. சரக்குக் கப்பல்கூட அருமையாகத்தான் எட்டிப் பார்க்கும். அந்த நேரம் லண்டனில் பின்னேரம். தேம்ஸ் ஆற்றோரத்து உல்லாசக் கப்பல் கொம்பனியொன்றின் மூன்றாம் மாடியில், தயாளினி என்ற பெண் வரப்போகும் பயணங்களுக்கான கையேட்டில் ‘நீல ஓடு வேய்ந்த பழைய தேவாலயம்’ என்று எழுதி அப்போதுதான் அச்சுக்கு அனுப்பியிருந்தாள். அது பொய் என்று தெரிந்துதான் எழுதினாள்.

எந்தக் கப்பல் எந்தத் துறையில் எவ்வளவு நேரம் நிற்பது என்று தீர்மானிப்பது அவளுடைய வேலை. யாழ்ப்பாணத்தில் புவியியல் படித்தவள். கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்து, கலியாணம் முறிந்தபின் அந்தக் கொம்பனியில் ரெலிபோன் எடுக்கச் சேர்ந்து, படிப்படியாக அந்த நாற்காலிக்கு ஏறியவள். லண்டன் புறநகரான குட்மேய்ஸில் தாய் சந்திரவதனாவோடு இருந்தாள். தம்பி கௌசிகன் யுத்தம் முடிந்த வருடம் முகாமிலிருந்து வெளியே வந்து, கனடாவுக்கென்று ஏஜென்சிக்காரன் ஒருவனின் பின்னால் புறப்பட்டவன். அவன் ஆபிரிக்காவைச் சுற்றி, பெயர் தெரியாத எல்லைகளைக் கடந்து சான் எலாடியோவுக்கு வந்துசேர்ந்த அன்று, ‘நாளைக்குக் கப்பல் வரும், இதிலையே நில்’ என்று சொல்லிப் பாஸ்போட்டையும் வாங்கிக்கொண்டு ஏஜென்சிக்காரன் போனான். கௌசிகன் நின்றான். வருடக்கணக்காக நின்றான். மீன்மா மூட்டை சுமந்தான், அந்த ஊர்ப் பாஷை பழகினான், விசாவுக்குப் போட்ட விண்ணப்பம் எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது. தாய்க்கோ சுவாசப்பை பழுது. பிளேன் ஏறினால் உயிரோடு இறங்கமாட்டா என்று டொக்டர் சொல்லிவிட்டார். கப்பலில் போகலாமோ என்று கேட்டதற்கு, அதற்குத் தடையில்லை என்றார். மகனால் வர ஏலாது, தாயால் பறக்க ஏலாது. மிஞ்சியது கடல். எட்டு மணித்தியாலம் ஒரு கப்பலை அந்த ஊரில் நிறுத்திவிட்டால் போதும் என்று தயாளினி அன்றே முடிவெடுத்தாள்.

அவளுடைய மேலதிகாரி ஃபியோனா கெட்டவள் அல்ல. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள். “அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” தயாளினி ஒருமுறை மூன்று விமானமும் ஒரு நீண்ட பஸ் ஓட்டமுமாக அங்கே போய் வந்தவள். அங்கே அவள் கண்டது சாம்பல் நிற மணல், துருப்பிடித்த பாரந்தூக்கி, தலைமயிர் கொட்டத் தொடங்கியிருந்த தம்பி. அதையெல்லாம் எழுத முடியாது. ஆகவே தேவாலயத்தை எழுதினாள். அடுத்த ஞாயிறு கௌசிகன் போன் எடுத்தான்.

“அக்கா, இஞ்ச ஒரு கோயில் முளைச்சிருக்கு.”

“என்ன நிற ஓடு?”

“நீலம். உனக்கு என்னண்டு தெரியும்?”

அவள் கையேட்டை எடுத்து அந்த வரியை மறுபடி வாசித்தாள். வேலையில் கெட்டிக்காரியாகையால், அடுத்த பதிப்பில் பூநாரைகள் மேயும் ஓர் உப்புநீர்க் களப்பைச் சேர்த்தாள். களப்பு வந்தது. தொழிற்சாலைத் தொழிலாளரின் குடிசைகள் இருந்த இடத்தில் வந்ததால் அவர்கள் பானை சட்டியோடு மேட்டுக்கு ஏறினார்கள், கௌசிகனும் ஏறினான். ‘புன்னகையோடு வரவேற்கும் மக்கள்’ என்று எழுதினாள். அன்றிலிருந்து அந்த ஊரில் ஒருவராலும் வாயை மூட முடியவில்லை. செத்த வீட்டிலும் சிரித்தார்கள், சம்பளம் வெட்டும் மேற்பார்வையாளரும் சிரித்தபடி வெட்டினார், பின்னேரங்களில் தாடை நோவுக்கு எல்லோரும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். இதையெல்லாம் தாயிடம் சொன்னபோது சந்திரவதனா ஆச்சரியப்படவில்லை. “எழுதினா நடக்கத்தானே வேணும் பிள்ளை. இல்லாட்டி ஏன் எழுதுவான்?” என்றாள்.

அப்படியானால் தம்பிக்கு விசாவையே எழுதிவிடலாமே என்று தயாளினிக்குத் தோன்றாமலில்லை. ‘வந்தேறிய எல்லோருக்கும் வதிவிட உரிமை வழங்கிய நகரம்’ என்று எழுதிப் பார்த்தாள். பயணிகளுக்கு இது எதற்கு என்று ஃபியோனா வெட்டினாள். ‘எங்கும் போய்வரும் சுதந்திரம் உள்ள மக்கள்’ என்று எழுதினாள். அரசியல் வேண்டாம் என்று அதையும் வெட்டினாள். அச்சில் வந்தது மட்டுந்தான் அங்கே நடந்தது. அச்சில் வருவது, காசு கொடுத்துக் கப்பல் ஏறுகிறவர்கள் காண விரும்பியது மட்டுமே. அதனால் தயாளினி அவர்கள் விரும்பியதையே எழுதினாள். மரப் பல்கணிகள், சிப்பி நூதனசாலை, காலையில் அலையில்லாத கடல். துறைமுகத்தின் ஆழம் அளக்க ஆள் போனது, பயணிகளை ஏற்றிப்போக பஸ்கள் பேசப்பட்டன, பயணத் திகதி குறிக்கப்பட்டது. அந்த வருடம் கொரோனா வந்து உலகத்துக் கப்பல்களையெல்லாம் கட்டிப்போட்டது. சந்திரவதனா ஒட்சிசன் சிலிண்டரோடு முன்னறையில் இருந்தபடி, கண்ணாடிக்கு அப்பால் வெறிச்சோடிக் கிடந்த குட்மேய்ஸ் தெருவைப் பார்த்துக்கொண்டு, சாகாமலிருப்பதையே ஒரு வேலையாகச் செய்தாள்.

கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும் சான் எலாடியோவுக்கு மாசி மாதத்தில் ஒரு நாள் கிடைத்தது. புதிய துறைமுகம் என்றால் கொம்பனியின் நிபந்தனைகளை அனுப்புவது வழக்கம்: சுத்தமான மலசலகூடம், அம்புலன்ஸ், தெருநாய் இல்லாத இறங்குதுறை, பயணிகள் நடமாடும் இடங்களில் முறையான பத்திரங்கள் இல்லாத ஆட்கள் இருக்கக்கூடாது. எத்தனையோ துறைமுகங்களுக்கு அனுப்பிய அதே நிபந்தனைகள். பத்திரமில்லாத ஆட்கள் என்ற இடத்தில் அவளுக்கு எப்போதும் மனதில் வருவது ஜேப்படிக் கள்ளர்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, தாய்க்குச் சூட்கேஸ் வாங்கப் பக்கத்து ஊரான பார்க்கிங்கின் கடைத்தெருவுக்குப் போனாள்.

கையேட்டில் சொன்னபடியே அன்று காலை கடல் அலையில்லாமல் கிடந்தது. சந்திரவதனா பச்சை நிறக் காஞ்சிபுரம் உடுத்து, மடியில் பனங்கட்டி போட்ட எள்ளுருண்டைப் போத்தலோடு வீல்செயரில் இறங்கினாள். பயணிகள் தேவாலயத்துக்கும் களப்புக்குமாக பஸ் ஏறினார்கள். இறங்குதுறையில் ஊரே வரிசையாக நின்று சிரித்தது. அந்த வரிசையில் கௌசிகன் இல்லை. அவனுடைய போன் அடிக்கவே இல்லை. தயாளினி தாயை நிழலில் விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்கு ஓடினாள். மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: கப்பல் வருவதற்கு முந்திய கிழமை பொலிஸ் லொறிகள் வந்தன, பத்திரமில்லாதவர்கள் எல்லோரையும் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள், எந்த இடம் என்று தெரியாது. ஏன் என்று கேட்டாள். துறைமுக முகாமையாளரிடம் அனுப்பினார். முகாமையாளரும் சிரித்துக்கொண்டே நிபந்தனைக் கடிதத்தை எடுத்து நீட்டினார். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்திருக்கிறோம், நாய்களையுங்கூட, என்றார். கடிதத்தின் அடியில் தன்னுடைய கையெழுத்தைத் தயாளினி கண்டாள்.

“என்னவாம்?” என்றாள் தாய்.

“வேலைக்குப் போயிட்டானாம் அம்மா.”

“எட்டு மணித்தியாலத்துக்கும் வேலையோ?”

சந்திரவதனா வீல்செயரை நிழலிலிருந்து வெளியே தள்ளச் சொன்னாள். கப்பல் சங்கு ஊதுமட்டும் வெய்யிலில் இருந்தாள். களப்புக்குப் போய்த் திரும்பியவர்கள் பூநாரைப் படங்களைக் காட்டியபோது, நல்ல வடிவு என்று தலையாட்டினாள். எள்ளுருண்டையைச் சிரித்துக்கொண்டு நின்ற பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்தாள். தயாளினி தெற்குக் கடலில், ஜன்னலுக்கு வெளியே பனிப்பாறைகள் மிதந்து போகையில், உண்மையைச் சொன்னாள். தாய் மகளை ஏசவில்லை. முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்; கப்பல் சவுதாம்டனில் கரை சேரும்வரைக்கும் அது திரும்பவில்லை. தயாளினிக்கு ஏச்சு வாங்கியிருந்தால் எவ்வளவோ மேல் என்றிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் தாய் பேசினாள்.

“எழுதித்தானே பிள்ளையைத் துரத்தினனீ. இப்ப எழுதிக் கூப்பிடு.”

“அது அவனாயிருக்காது அம்மா.”

“நான் சொல்லுறன். நீ எழுது.”

சந்திரவதனா சொல்லச் சொல்லத் தயாளினி எழுதினாள். கண்ணுக்கு மேலே சைக்கிளால் விழுந்த தழும்பு, நெற்றியில் விழும் சுருட்டை மயிர், பூசினாற்போல கன்னம். முகாமுக்குப் போகாத, மூட்டை சுமக்காத, முப்பதைத் தாண்டாத கௌசிகன். ‘இறங்குதுறையின் முகப்பில் ஓர் இலங்கைத் தமிழ் இளைஞன் இஞ்சித் தேநீரோடு உங்களை வரவேற்பான்’ என்று தொடங்கிய அந்தப் பந்தியை ஃபியோனா வாசித்துவிட்டு, இதுதான் நமக்குத் தேவை, உயிருள்ள உள்ளூர் மணம், என்று ஒரு எழுத்தையும் தொடாமல் அச்சுக்கு விட்டாள்.

அடுத்த மாசியில் அவன் நின்றான். தழும்பு இருந்தது, சுருட்டை மயிர் இருந்தது. “வாங்கோ அம்மா, தேத்தண்ணி குடியுங்கோ” என்றான். சந்திரவதனா அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கப்பலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். எட்டு மணித்தியாலமும் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஊர்ச் செய்தி, ஆர் செத்தது, ஆருக்குக் கலியாணம், எல்லாம் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் “ஓம் அம்மா” என்று சிரித்தான். தயாளினி தள்ளி நின்று பார்த்தாள். ஒருமுறை கிட்டப்போய், “தம்பி, நான் ஆரெண்டு தெரியுதோ?” என்று மெல்லக் கேட்டாள். அவன் ஒரு கோப்பையை நீட்டினான். அவனுக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்று தாய் சொல்லவில்லை, தயாளினியும் எழுதவில்லை. தேநீர் திறமாக இருந்தது.

திரும்பி வந்த சந்திரவதனாவுக்குச் சுவாசம் இலேசானது. ஒட்சிசன் சிலிண்டரை ஆஸ்பத்திரிக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். சான் எலாடியோ பயணிகளுக்குப் பிடித்துப்போனது. இப்போது ஒவ்வொரு மாசியும் கப்பல் அங்கே நிற்கிறது, ஒவ்வொரு மாசியும் தாய் போகிறாள். அவன் வயது ஏறாமல் நிற்கிறான்.

மூன்றாம் பயணம் முடிந்து வந்த பங்குனியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தது. “அக்கா, நான் கௌசிகன்” என்றது ஒரு கரகரத்த குரல். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சுரங்க ஊரில் இருக்கிறானாம். லொறியிலிருந்து இறக்கியவர்கள் போனைப் பறித்துக்கொண்டார்களாம். தூசி தொண்டையைத் தின்றுவிட்டதாம். இவளுடைய இலக்கத்தைத் தேடிப்பிடிக்க இவ்வளவு காலம் எடுத்ததாம். தயாளினி வாயைப் பொத்திக்கொண்டு போனைத் தாயிடம் நீட்டினாள்.

சந்திரவதனா கனநேரம் கேட்டாள். இடையிலே, “சாப்பிட்டியோ தம்பி?” என்றாள், தெருவில் போகிற பிள்ளையைக் கேட்கிற மாதிரி. பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“ஆரோ பாவம். கௌசிகன்ர பேரைச் சொல்லுறான். என்ர பிள்ளைக்கு இப்பிடிக் குரல் இல்லை.”

தயாளினி குசினிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தேவாலயம் முதல் கடிதம் வரைக்கும், இறங்குதுறையில் நிற்கிறவன் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் காற்று இரைந்தது.

“அவன் அம்மாவை வடிவாப் பாக்கிறானோ?” என்று கடைசியில் கேட்டான்.

“ஓம்.”

“சிரிக்கிறானோ?”

“ஓமடா.”

“அப்ப அவன் நிக்கட்டும். எனக்கு உது வராது இப்ப.”

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டான். அதற்குப்பிறகு ஞாயிறு தவறாமல் எடுக்கிறான். தாய் எடுக்க நேர்ந்தால், “மலையில இருக்கிற பெடியன் எடுக்கிறான்” என்று சொல்லித் தயாளினியிடம் கொடுப்பாள். கொடுக்குமுன், அங்கே குளிர் கூடவோ, இருமல் குறைஞ்சதோ என்று இரண்டு வார்த்தை விசாரிப்பாள். இந்தக் கார்த்திகையில் அவனுக்கென்று தடிப்பான கம்பளிச் சட்டை ஒன்று வாங்கி, பார்சல் கட்டி, விலாசம் எழுதச் சொல்லி மகளிடம் தந்தாள்.

“ஆரோ பெத்த பிள்ளைதானே” என்றாள்.