வள்ளலின் பல்லுக்காகக் காத்திருந்த கதவு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையில் வேலை இருந்தால் அதையும் பார்த்துக்கொண்டே கேளுங்கள், தப்பில்லை. ஒரு கதவின் கதை சொல்கிறேன். ஒரு பெரிய மனிதரின் வாயில் பல் வரும்வரை திறக்கக் கூடாதென்று கட்டிவைத்த கதவு.

அது ஒரு தருமாஸ்பத்திரிக் கதவு. வெளியே ஒரு வாரக் கூலியை விழுங்குகிற வைத்தியம் அங்கே ஒரு டீக் காசுக்கு நடந்துவிடும். அதனால் விடிவதற்குள் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். உள்ளே போனால் மருந்து வாசனைக்கு முன்னால் பெயர்கள்தான் வந்து எதிரே நிற்கும். பெஞ்சில் பெயர், கட்டிலில் பெயர், எச்சில் துப்புகிற தொட்டியில்கூட 'அன்பளிப்பு' என்று போட்டு ஒரு குடும்பத்தின் பெயர். கூடத்து மின்விசிறி சுற்றினால் இறக்கையில் எழுதியதைப் படிக்க முடியவில்லை என்று கொடுத்த வீட்டில் மனவருத்தமாம். அதனால் அது சுற்றுவதில்லை. ஜனம் வியர்த்து ஊற்ற உட்கார்ந்து அந்தப் பெயரைப் படித்துக்கொண்டிருக்கும்.

காயம் கட்டும் அறையில் ஒரு மூத்த நர்ஸ் இருந்தாள். அவள் தைத்த காயம் ஆறினால், வெட்டு எங்கே விழுந்தது என்று வெட்டுப்பட்டவருக்கே மறந்துபோகும். எல்லோருக்கும் அவள் தையல் சிஸ்டர். கை பஞ்சு, வாய் கத்தி. நோயாளிக்குப் பஞ்சு, பெயர்ப்பலகை வைக்க வருகிறவர்களுக்குக் கத்தி.

அந்த வருஷம் ஒரு எக்ஸ்ரே மெஷின் வந்தது. கொடுத்தவர் தன் நோட்டீசில் தானே 'வள்ளல்' என்று அச்சடித்துக்கொண்டவர். மெஷினை இறக்கி, அறைக்கு வெள்ளையடித்து, இயக்குவதற்கு ஒரு எக்ஸ்ரேக்காரனையும் வேலைக்கு வைத்தாயிற்று. ஆனால் இரட்டைக் கதவின் கைப்பிடிகளைச் சேர்த்துக் கட்டி ஒரு சிவப்பு ரிப்பன். நடுவில் பூ மாதிரி முடிச்சு. முடிச்சின்மேல் வள்ளல் வீட்டு அரக்கு முத்திரை. அவர் கையால் வெட்டித் திறக்கும் முன்னால் தொடுகிற ஊழியருக்கு வேலை கிடையாது என்று பக்கத்திலேயே ஒரு அறிவிப்பு.

முதலில் குறித்த தேதியில் போட்டோக்காரர் கிடைக்கவில்லை. அடுத்த தேதிக்கு முந்தின வாரம் வள்ளலின் முன்பல் இரண்டு ஆடி விழுந்துவிட்டன. பல் இருந்தால்தானே சிரிக்க முடியும், சிரித்தால்தானே போட்டோ. ஆகவே பல் கட்டும்வரை கதவும் கட்டியே கிடந்தது.

ஆஸ்பத்திரிக் காரியதரிசி எப்போதும் கக்கத்தில் ஒரு ஃபைலோடு நடப்பவர். சிஸ்டர் அவரை வழிமறித்தாள்.

"பல்லு என்னாச்சு சார்?"

"நிறம் ஒத்துவரலையாம் சிஸ்டர். திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்படியா. அவர் பல்லு வெளுக்கற வரைக்கும் உடைஞ்ச எலும்பெல்லாம் பொறுத்துக்கணும். நான் எலும்புகிட்ட சொல்லி வைக்கிறேன் சார்."

அவர் ஃபைலை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்தார். சிஸ்டர், வேலையில்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த எக்ஸ்ரேக்காரனிடம் சொன்னாள்: "என்னைக்காவது கதவு திறந்தா முதல்ல இவரை நிக்க வச்சு ஒரு படம் எடு தம்பி. முதுகெலும்பு இருக்கான்னு பாத்துடலாம்."

ஒரு நாள் மத்தியானம் ஒரு கொத்தனாரைப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். சாரம் சரிந்து விழுந்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே கால் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி கிடந்தது. கூலி வாங்காமல் வாரம் இரண்டு நாள் வருகிற எலும்பு டாக்டர் நல்லவேளையாக அன்று இருந்தார். தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எலும்பு உடைந்திருக்கிறது, எத்தனை துண்டு, எந்தப் பக்கம் என்று படம் பார்க்காமல் சொல்ல முடியாது. குத்துமதிப்பாகக் கட்டினால் நேராகவும் கூடலாம், கோணலாகவும் கூடலாம்.

வெளியே படம் எடுக்கக் கொத்தனாரின் மனைவியிடம் எதுவும் இல்லை. "கால் கோணிடுச்சுன்னா சாரத்துல ஏற முடியாதும்மா," என்றாள். "அவர் ஏறினாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும்."

கொத்தனார் வலியிலும் சிரித்தார். "சுவர் கோணலாப் போனா இடிச்சிட்டுக் கட்டலாம் சிஸ்டர். காலுக்குத் தூக்குக்குண்டு எங்க பிடிக்கிறது?"

பத்தடி தூரத்தில் கதவு. கதவுக்குப் பின்னால் மெஷின். நடுவில் இரண்டு முழ ரிப்பன். சிஸ்டருக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. கையை நீட்டினால் இத்தனை வருஷச் சேவகமும் ஆற்றில் கரைத்த புளி. அவள் அந்தக் காலைப் பார்த்தாள், அரக்கு முத்திரையைப் பார்த்தாள். பல்லுப்போன ஒரு வாய்க்குப் பயந்து நிற்கிறோமே என்று தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

மணி ஒன்று. காரியதரிசி சாப்பிடப் போகும் நேரம். அவர் இருமிக்கொண்டே படியிறங்கினதும் சிஸ்டர் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"சிஸ்டர், முத்திரை..." என்று எக்ஸ்ரேக்காரன் அறிவிப்பைக் காட்டினான்.

"முத்திரையை யார் தொட்டா? கைப்பிடிக்குப் பின்னாடி வெட்டறேன். வெட்டுப்பட்டதைத் தைக்கத்தான் தம்பி எனக்குச் சம்பளம். எழுந்து வா."

படத்தில் எலும்பு மூன்று துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. குத்துமதிப்பாகக் கட்டியிருந்தால் அந்தக் கால் அவ்வளவுதான் என்றார் டாக்டர். காலை நேராக்கிக் கட்டுப்போட்டு முடிப்பதற்குள் சிஸ்டர், கண்ணிமைக்குப் போடுகிற மெல்லிய நூலால் ரிப்பனில் ஐந்து தையல் போட்டுவிட்டாள். இரண்டு மணிக்குக் காரியதரிசி திரும்பி வந்தபோது கதவு பழையபடி கட்டியிருந்தது.

நல்லது ஒருமுறையோடு நிற்குமா? அந்த வாரமே துணி வெளுக்கும் ஒருத்தியின் மணிக்கட்டு. பிறகு இருமல் விடாத ஒரு பஸ் டிரைவரின் நெஞ்சு. ஒன்றிலிருந்து இரண்டு மணிக்குள் சில நாள் மூன்று பேர், நான்கு பேர். தைத்ததையே பிரித்தால் பட்டு நார்நாராகப் போய்விடும் என்பதால் ஒவ்வொரு முறையும் ஒரு விரல் தள்ளிப் புதிதாக வெட்டினாள். தைக்கத் தைக்க ரிப்பன் குறுகியது. முதலில் தொய்ந்து தொங்கியது, நாலு மாதத்தில் வில்லின் நாண் மாதிரி விறைத்தது. கைப்பிடிக்குப் பின்னால் இடம் தீர்ந்து தையல் முன்பக்கம் வந்துவிட்டது.

காரியதரிசி மட்டும் தினமும் தாழ்வாரம் திரும்பும் முன்னால் ஓட்டை பஸ் மாதிரி இருமிக்கொண்டு வருவார். "இவ்வளவு இருமறார், ஒரு மாத்திரை வாங்கிப் போடத் துப்பில்லை," என்பாள் சிஸ்டர்.

கடைசியில் பல் வந்தது. திறப்பு விழா என்றார்கள். வரிசையில் நிற்கும் நோயாளிகளை மறுநாள் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் நின்றால் படத்தில் கூட்டமாகத் தெரியுமாம். ஒரே ஒரு நோயாளி வேண்டும் என்று வள்ளல் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏழையாக இருக்க வேண்டும், அழுக்காக இருக்கக் கூடாது. வலி முகத்தில் தெரிய வேண்டும், முனகக் கூடாது. ஆறின காலை டாக்டரிடம் காட்ட வந்த கொத்தனார் அகப்பட்டுக்கொண்டார்.

"கொஞ்சம் நொண்டுங்க, போதும்," என்றார் காரியதரிசி.

வள்ளல் காரிலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினார். அந்தப் பல்வரிசையைப் பார்த்துக் கொத்தனார் சிஸ்டர் பக்கம் சாய்ந்தார். "மட்டம் சுத்தமா இருக்கு சிஸ்டர். வெள்ளையும் அடிச்சிருக்கு. ஆனா வாசலுக்கு இடம் விடாம கட்டிட்டாங்க."

"நீங்க நொண்டறது தப்புக் கால்," என்றாள் சிஸ்டர்.

அவர் காலை மாற்றிக்கொண்டார். யாரும் கவனிக்கவில்லை.

தட்டில் ஒரு தங்கமுலாம் கத்தரிக்கோல் வந்தது. பளபளப்பு இருந்ததே தவிர அதில் பதம் இல்லை. வள்ளல் ரிப்பனில் வைத்து அழுத்தினார், ஃபிளாஷ் மின்னியது, வெட்டவில்லை. பல்லைக் காட்டியபடியே வெடுக்கென்று இழுத்தார். நாலு மாதத் தையலும் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுக்கொடுத்தது. விரலகலத் துண்டுகளாக ரிப்பன் அவர் பூட்ஸ்மேல் பொலபொலவென்று உதிர்ந்தது.

இந்த நிமிஷத்துக்கென்று சிஸ்டர் நாலு மாதமாக நாக்கைத் தீட்டி வைத்திருந்தாள். கேட்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வேலையை அவர் மூஞ்சியில் எறிந்துவிட்டுப் போகலாம் என்று ஒரு அடி முன்னால் வந்தாள்.

வள்ளல் துண்டுகளைத் தாண்டி போட்டோக்காரரிடம் போனார். "பல்லு நல்லாத் தெரியுதா பாருப்பா."

தெரிந்தது. அவர் மெஷினைப் பார்க்கவில்லை, கொத்தனாரைப் பார்க்கவில்லை, காலடியில் கிடந்ததையும் பார்க்கவில்லை. பால் பொங்குகிற நேரத்துக்குள் காரேறிப் போயேவிட்டார். தீட்டின நாக்கு சிஸ்டரின் வாய்க்குள்ளேயே கிடந்தது. கோபப்படக்கூடக் கண் வேண்டுமே. அதுகூட இல்லாத ஒரு பிண்டத்துக்கா இத்தனை நாள் நெஞ்சு படபடக்கத் திரிந்தோம் என்றிருந்தது அவளுக்கு.

காரியதரிசி குனிந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"மொத்தம் எத்தனை பேர் சிஸ்டர்?"

இனி மறைத்து என்ன. "அறுபத்தி மூணு."

"எனக்கு ஐம்பத்தெட்டுதான் வந்துச்சு. நடுவுல ரெண்டு நாள் நான் லீவு."

சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த இருமல்?"

"எனக்கு ஏது இருமல்."

"தெரிஞ்சும் ஏன் சார் ஒரு வார்த்தை பேசலை?"

"தெரியும்னு சொல்லிட்டா நான் தடுக்கணுமே."

"ஆக முதுகெலும்பு இருக்கு," என்றாள் அவள். "கோணலாக் கூடியிருக்கு, அவ்வளவுதான்."

அவர் அதற்கும் கோபப்படவில்லை. துண்டுகளை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "அடுத்து ஸ்கேன் மெஷின் தர்றாராம். தலையில முடி நடறாங்களாம் இப்ப, முளைக்க எட்டு மாசம் ஆகுமாம். ரிப்பன் இந்தத் தடவை நான்தான் வாங்கணும். எவ்வளவு வாங்கட்டும்?"

"ஆறு முழம்," என்றாள் சிஸ்டர். "நல்லாத் தொங்கட்டும். அப்படியே கூடத்து விசிறி சுவிட்சையும் போட்டுட்டுப் போங்க. இன்னைக்குப் பெயரைப் படிக்க ஆளில்லை."

கொத்தனார் இரண்டு கால்களாலும் நேராக நடந்து படியிறங்கிப் போனார்.

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் எலும்பு உறுதியாக இருக்கட்டும், வாயில் பல்லும் பேச்சில் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். நோய் உங்கள் வாசலை மறந்துபோகட்டும். என்றாவது நினைத்துக்கொண்டு வந்துவிட்டாலோ, உங்களுக்காக ஒரு கத்தரிக்கோலும் அதைப் பிடிக்க நடுங்காத ஒரு கையும் எங்கேயாவது காத்திருக்கட்டும்.